பிள்ளைகள் வெளியே உட்காரவும்

விஸ்கான்சின் மாநிலத்தின் கெல்டர் ஃபால்ஸ் ஊரில், வக்கீல் ஆர்டிஸ் வோல்டனின் அலுவலக முன்னறையில் காத்திருப்பவர்களுக்கு எட்டு வயதுக்கு மேல் ஆகாது. வாசலில் நுழையும்போது அவர்களுக்கு ஐம்பதோ அறுபதோ இருக்கும். அம்மாவையோ அப்பாவையோ கைத்தாங்கலாக அழைத்து வருவார்கள். ஆர்டிஸ் பெரியவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். அடுத்த நிமிடம் வெளியே நாற்காலியில் இருப்பவரின் கால் தரையைத் தொடாது. சட்டைக் கை விரல்களைத் தாண்டித் தொங்கும், பல்செட் வாயில் நிற்காது. கதவு திறந்ததும் பழையபடி வளர்ந்துவிடுவார்கள். கழன்று விழும் மோதிரங்களுக்கு அலுவலகம் பொறுப்பல்ல என்று சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது.

ஆர்டிஸ் பார்த்தது முதியோர் சட்டம். உயில், முதியோர் இல்லத்துக்கான அரசு உதவி, பேச்சு மூச்சில்லாமல் போனால் யார் முடிவெடுப்பது என்கிற பத்திரம் எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தொழிலின் முதல் விதி, கட்சிக்காரர் யார் என்பதில் குழம்பக் கூடாது என்பது. காரோட்டிக் கூட்டி வந்தவர் கட்சிக்காரர் அல்ல. ஃபோனில் நேரம் வாங்கியவரும் அல்ல. கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர்தான் கட்சிக்காரர், அவருக்கு என்ன வேண்டுமென்று அவரே சொல்ல வேண்டும். ஆகவே முதல் சந்திப்பில் பிள்ளைகள் வெளியே. இந்த விதியை நாடு முழுக்கப் பின்பற்றுகிறார்கள், ஆனால் ஆள் சிறுத்துப்போவது கெல்டர் ஃபால்ஸில் மட்டும்தான்.

ஊர் இதை ஜனவரிப் பனியைப் போல எடுத்துக்கொண்டது. வங்கி மேலாளர் ஒருவர் அறுபத்தொரு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துப்பட்டை முழங்காலில் இடிக்க, 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று பதினான்கு முறை கேட்டார். அறுபத்தேழும் அறுபத்துநான்குமான அக்கா தங்கை இருவர் படம் வரையும் பச்சை மெழுகுக் குச்சிக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெர்னடீன் அதன் பிறகு எல்லா நிறத்திலும் இரண்டிரண்டு வாங்கி வைத்தார், பிஸ்கட்டும் பாலும் கூட. வழக்கறிஞர் சங்கத்திலிருந்து சோதிக்க வந்த இருவர், நாற்காலிகள் உறுதியாக உள்ளன என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆர்டிஸ் பதினோரு ஆண்டுகளாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் யார் என்பதே பொருள். இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள். பல்கலைக்கழகச் சட்ட இதழை நடத்திய மாணவர்களுக்குக் கட்டுரை பிடித்திருந்தது. நூற்றுப் பதினெட்டாம் அடிக்குறிப்பில் மட்டும் முட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிறுத்துப்போவது பற்றிய குறிப்பு அது. ஆதாரம் வேண்டும் என்றார்கள், அனுபவித்த ஒருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் போதும் என்று இறங்கியும் வந்தார்கள். ஊரில் ஒருவரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. "நானா? நான் சும்மா பத்திரிகை படிச்சிட்டு உக்காந்திருந்தேன்" என்று வங்கி மேலாளர் சத்தியம் செய்தார்.

அந்தச் சமயத்தில் சங்கம், இளம் வக்கீல்களுக்கு வழிகாட்டும் திட்டத்தின் கீழ் ஆர்டிஸிடம் ஒருவரை அனுப்பியது. வந்த இளம் வக்கீல் மார்வா குபிட்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர். ஆர்டிஸுக்கு நாற்பத்தொன்பது. குருவை விட சிஷ்யை ஒன்பது வயது மூத்தவர் என்பதில் பெர்னடீனைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெரியவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் நாற்பது வரை எண்ண வேண்டும், அதற்குள் வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் ஆர்டிஸின் முதல் பாடம். மார்வா முதல் மாதம் உதடு அசைய எண்ணினார். ஒரு கிழவர் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார். இரண்டு வருடத்தில் மார்வா அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

மார்ச் மாதம் ஆர்டிஸின் அப்பா ஹாலிஸுக்கு இரண்டாவது முறை மாரடைப்பு வந்தது. எண்பத்துநான்கு வயது, ஆயுள் முழுக்கப் பால் லாரி ஓட்டியவர். பிழைத்து வீட்டுக்கு வந்தார். அடுத்த முறை பேச முடியாமல் படுத்தால் அவருக்காக யார் பேசுவது என்ற பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. ஊராருக்கெல்லாம் அதை எழுதிக் கொடுத்த மகளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பத்திரத்தை ஆர்டிஸே தட்டச்சு செய்து, முடிவெடுப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு எடுத்து வந்தார். சொந்த அப்பாவுக்குத் தானே வக்கீலாக இருக்க முடியாதல்லவா, அதனால் மார்வா பார்க்கட்டும் என்றார். நாற்பது மைலுக்குள் வேறு முதியோர் வக்கீல் இல்லை, ஹாலிஸும் அதற்கு மேல் போக மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆர்டிஸ் அப்பாவை உள்ளே உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்து, கோப்பைத் திறந்தார்.

"ஆர்டிஸ், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார் மார்வா.

"விளையாடாதீங்க மார்வா. எல்லாம் ரெடியா இருக்கு. கையெழுத்து மட்டும்தான்."

"நீங்க இங்க வக்கீலா வந்திருக்கீங்களா, மகளா வந்திருக்கீங்களா?"

"மகளாத்தான்."

"அப்ப வெளிய."

"இந்த விதியை உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"ஆமா, நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க" என்று மார்வா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஹாலிஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஆர்டிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. கோப்பை வைத்துவிட்டு வெளியே போனார்.

கதவு மூடிக்கொண்டது. கோட்டு தோளிலிருந்து வழிந்தது. காலணி இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று கம்பளத்தில் விழுந்தன. மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது, எட்டு வயதுக் கண்ணுக்கு அது தேவையும் படவில்லை.

"பால் குடிக்கிறியா, கண்ணு?" என்றார் பெர்னடீன். அவர் எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார்.

"வேணாம். என் கோப்பு உள்ள இருக்கு."

"இருக்கட்டுமே. எங்க போயிடப் போகுது."

ஆர்டிஸ் நாற்பது வரை எண்ணினார். எண்ணி முடித்தபோது எதுவும் ஆகவில்லை, ஆகவே மறுபடி எண்ணினார். உள்ளே அப்பா சிரிப்பது கேட்டது. என்னிடம் அப்பா இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார். பால் வாங்கிக் குடித்தார். நூற்றுப் பதினெட்டாம் அடிக்குறிப்புக்கான வாக்குமூலத்தை அடுத்த வாரம் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். மாணவர்கள் ஒரு காற்புள்ளியை மட்டும் நீக்கினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, சாட்சிக் கையெழுத்துப் போடப் பக்கத்து இரும்புக் கடையிலிருந்து இரண்டு பேர் பின்வாசல் வழியாக வந்து போனார்கள். ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஆர்டிஸ் வளரவில்லை. இப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னாரு?" என்று நாற்காலியிலிருந்தபடியே கேட்டார்.

"அது எனக்கும் என் கட்சிக்காரருக்கும் நடுவுல உள்ளது" என்றார் மார்வா. சொல்லிவிட்டு, குனிந்து காலணிகளை எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஹாலிஸ் மகளை மேலும் கீழும் பார்த்தார். "பசிக்குதா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஹோட்டல்ல மீன் போட்டிருப்பான். வா, போலாம்" என்று கையை நீட்டினார். தன் பிக்கப் வண்டியில் தூக்கி உட்கார வைக்க அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தூக்கினார். சீட் பெல்ட்டைக் கழுத்தில் படாமல் இழுத்து மாட்டினார்.

ஏரிச் சாலை திரும்பும் வரை ஆர்டிஸ் பொறுத்துக்கொண்டார். "அப்பா, பத்திரத்துல யார் பேரு?"

"ஆர்வில்."

ஆர்வில் பக்கத்துப் பண்ணைக்காரர், ஹாலிஸோடு ஐம்பது வருடம் மான் வேட்டைக்குப் போனவர்.

"ஆர்விலுக்கு ஒரு ஃபாரத்தை ஒழுங்கா படிக்கத் தெரியாதேப்பா. நான் இருக்கேன். எனக்கு இதுதான் தொழிலே."

"அவன் இனி பொழைக்காதுன்னு ஆன மூணு நாயத் தன் கையாலயே வழியனுப்பினவன். நேரம் வந்தா தெரிஞ்சுக்குவான்." வண்டியை ஓரம் கட்டினார். "உங்கம்மாவுக்கு உன் பேர்ல பத்திரம் இருந்துச்சு. மெஷின்ல பத்தொன்பது நாள். போதும்னு சொல்ல உனக்கு வாய் வரல. நான் உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பத்தொன்பது நாளும் நீ டாக்டருங்க கூடத்தான் பேசிட்டிருந்த. அவ கையைப் புடிக்க உனக்கு நேரமே இல்ல."

ஆர்டிஸ் காலணிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு நேரம் வரும்போது வக்கீல் வேலையை ஆர்வில் பாத்துக்குவான். நீ பக்கத்துல உக்காந்திரு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மகள் சத்தமாக அழுதார், எட்டு வயதில் அழுவது சுலபமாக இருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். உணவகத்தில் பரிமாறிய பெண் எதுவும் கேட்காமல், உயரமான நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து போட்டாள். ஹாலிஸ் மீனை உதிர்த்து, முள் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து மகள் தட்டில் வைத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆர்டிஸ் அப்பா வீட்டில் அப்படியே இருந்தார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்தில் வழக்கு இருந்ததால், அன்று காலை வளர்ந்துவிட்டார்.