லிங்கசாமி சொன்னது

செத்துப்போன மனிதர் தினமும் ஏழு மணிச் செய்திக்கு முன்னால் டிவியில் வந்து சிரித்தார். "நான் தேவாலா லிங்கசாமி. இந்தப் பொடியச் சாப்புட்டேன், சக்கர நோய் மாத்திரைய விட்டுட்டேன்." பக்கத்து வீட்டிலும் அதே குரல் கேட்கும்போது அவர் மனைவி காத்தாயிக்கு வயிறு எரியும். அந்த வீட்டு ரஞ்சனியும் இப்போது மாத்திரையை விட்டுவிட்டுப் பொடி குடிக்கிறாள்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லித்தான் காத்தாயி ஊட்டி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள். அவளுக்காக வக்கீல் ஜஸ்டஸ் வாதாடினார். பொடிக் கம்பெனி வக்கீலோ மூச்சுக்கு மூச்சு பேச்சுரிமை என்றார். விளம்பரமும் பேச்சுதானாம், ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வதை யாரும் தடுக்கக் கூடாதாம். அனுபவம் சொன்னவர் கால் அழுகிச் செத்ததைப் பற்றி மட்டும் அந்த வாய் மூச்சே விடவில்லை.

"பொய் விளம்பரத்துக்கு அந்த உரிமை கிடையாது," என்றார் நீதிபதி. "அம்மா, படம் எடுத்த அன்னைக்கு உங்க கணவர் மாத்திரை சாப்பிட்டாரா?"

லிங்கசாமி சொன்னது பொய் என்றால் விளம்பரம் நிற்கும். மெய் என்றால் ஓடும்.

படம் எடுத்த அன்று காலை மாத்திரையை எடுத்துக் கொடுத்ததே காத்தாயிதான். டிவியில் வருகிற ஆசையில், கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்ததை விளையாட்டாகச் சொல்லிவிட்டு வந்தார் மனிதர். ஆனால் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்து ஜனம் வழிமறித்து, "அண்ணே, மெய்யாவா?" என்று கேட்கத் தொடங்கியதும் சுருங்கிப்போனார். சிலோனிலிருந்து வந்த நாள் முதல் சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் எடுத்தவர். "ஊருக்கே சொல்லிப்புட்டு ஒளிஞ்சு முழுங்கவா?" என்று மாத்திரையைத் தேயிலைச் செடிக்குள் வீசினார். காத்தாயி கெஞ்சினாள், திட்டினாள், சோற்றில் பொடித்துக் கலந்தும் பார்த்தாள். கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டார். கூடலூர் ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"இப்ப நான் சொன்னது பொய்யில்லதானே, புள்ள?"

"பொய்யில்லங்க," என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

நீதிபதி காத்திருந்தார். ரஞ்சனியின் இரண்டு பெண் பிள்ளைகள் காத்தாயியின் கண்ணில் வந்து நின்றார்கள்.

"சாப்பிட்டாருங்க ஐயா. அவரு சொன்னது பொய்." சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே தாலியறுத்த அன்று போல அழுதாள்.

விளம்பரத்தை நிறுத்துவதோடு, அதே நேரத்தில் திருத்தமும் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. திருத்தம் வந்த அன்று ஏழு மணிக்கு முன்னால் அவர் முகம் வரவில்லை. "விளம்பரத்தில் லிங்கசாமி என்பவர் கூறியது உண்மை அல்ல," என்று ஒரு பெண் குரல் இனிமையாக வாசித்தது. லயம் முழுக்க அதே குரல் கேட்டது. எத்தனை வருஷத்துப் பெயர், ஒரே வரியில் போயிற்று.

ரஞ்சனி ஓடி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, அண்ணன் பொய்யா சொன்னாரு?"

"பொய்தான் சொன்னாரு," என்றாள் காத்தாயி. "அப்புறம் அதை மெய்யாக்கப் போயித்தான் செத்தாரு. நீ போயி மாத்திரையப் போடு."