நன்றி சொன்ன கை

சாலையில் விழுந்து கிடந்தபோது பெவர்லி ஹெப்வொர்த் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "சாரி". அந்த ஒரு வார்த்தை அவளை ஏழு மாதம் பாடாய்ப் படுத்தியது.

ஹடர்ஸ்ஃபீல்டில் அது ஓர் அக்டோபர் திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. வேக்ஃபீல்டு சாலையில் கார்கள் வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. பெவர்லி வரிசையின் வலது ஓரமாக, பன்னிரண்டு மைல் வேகத்துக்கு மேல் போகாமல், பைக்கில் வந்துகொண்டிருந்தாள். நிற்கும் வண்டிகளை பைக்காரர்கள் அப்படித் தாண்டிப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. அதை எப்படிப் பத்திரமாகச் செய்வது என்று இருபத்தொரு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பே.

இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு கார் வெளியே வரக் காத்திருந்தது. வரிசையில் நின்ற ரொட்டி வேன்காரர் அதற்கு இடம் விட்டு விளக்கைச் சிமிட்டினார். நல்ல மனசுதான். ஆனால் இடம் கொடுத்தவர் வரிசையில் தன் இடத்தைத்தான் கொடுக்க முடியும், பக்கத்தில் வருகிறவளின் இடத்தைக் கொடுக்க முடியாது. கார் வேனின் மூக்கைத் தாண்டி ஒரே இழுப்பில் வந்து பெவர்லியின் முன்சக்கரத்தில் மோதியது.

தரையில் ஊன்றிய இடது மணிக்கட்டு முறிந்தது. காரிலிருந்து இறங்கியவரின் வெளுத்த முகத்தைப் பார்த்து, "சாரிங்க," என்றாள். பைக்கை நிமிர்த்தியவரிடம் ஒரு சாரி. தலைக்குக் கீழே தன் கோட்டை மடித்து வைத்த பெண்ணிடம், கோட்டு அழுக்காகிறதே என்று ஒரு சாரி. வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ்காரரிடம், காலங்காத்தால வேலை வைத்ததற்கு ஒன்று. அந்த ஊர்ப் பழக்கம் அப்படி. காலை மிதித்தவன் வாயைத் திறப்பதற்குள் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்டுவிடுவான். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமும் கேட்பார்கள்.

அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆள், இடித்தவர். டெஸ்மண்ட் கிராப்ட்ரீ என்று பெயர். வீடுகளுக்குத் தரைவிரிப்பு போடும் தொழில். அவருடைய காப்பீட்டு நிறுவனம் ஓர் அட்டை கொடுத்திருந்தது. விபத்து நடந்தால் எக்காரணம் கொண்டும் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, முறிந்த கையைப் பார்த்தபடியே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் கழித்து பெவர்லியின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கைரன் என்ற பையன் போன் செய்தான். அவள் கையில் மாவுக்கட்டு. கணவன் கீத் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, அவளுக்கு டீ கலந்துகொண்டிருந்தான்.

"பெவர்லி, நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆளுக்குப் பாதித் தப்புன்னு முடிச்சுக்க அவங்க இறங்கி வந்துட்டாங்க."

"இறங்கி வந்துட்டாங்களா? எந்த மலை மேல இருந்து?"

"அது வந்து... இந்த மாதிரி கேஸ்ல வழக்கமா அப்படித்தாங்க. நீங்க நிக்கற வண்டியெல்லாம் தாண்டிட்டு வந்தீங்கல்ல."

"தாண்டி வரக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"கூடாதுன்னு இல்ல. ஆனா அவர் கார்ல கேமரா இருந்திருக்கு. பதினோரு நிமிஷப் பதிவு அனுப்பியிருக்காங்க. நீங்க நாலு தடவ மன்னிப்புக் கேட்டது தெளிவா கேக்குது."

"கையி முறிஞ்சு ரோட்ல கெடக்கறேன் தம்பி. அப்ப வாய்ல வந்தத உக்காந்து எண்ணிட்டிருந்தீங்களா?"

"சாரி, பெவர்லி."

"பாத்தியா, நீயும் சொல்ற. அப்ப நீதான் வந்து இடிச்சியா?"

அப்புறம் பேசுகிறேன் என்று கைரன் நழுவினான். கீத் டீயை அவள் வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்தான். போன் வைத்ததும் மெதுவாக ஆரம்பித்தான்.

"தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. பாதின்னா பாதி. விட்டுத் தொலையேன் கண்ணு."

"உனக்கென்ன, சொல்லிருவ. பாதித் தப்புன்னு என் பேர்ல எழுதிட்டா மால்கம் என்ன வச்சிருப்பான்னு நெனைக்கிறியா?"

மால்கம் பைக் பயிற்சிப் பள்ளியின் முதலாளி. கெட்டவன் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே வந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"பெவ், எனக்கு உன்ன விட்டா வேற ஆளு கிடையாது. ஆனா விபத்துல பங்கு இருக்குன்னு ஏட்டுல ஏறிட்டா, பள்ளிக்கூடத்து இன்சூரன்ஸ்காரன் உன்ன சேத்துக்க மாட்டான். கால் பங்குன்னாலும் மாட்டான். நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப நான் இதுவரைக்கும் சொல்லிக் குடுத்ததெல்லாம்?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

பெவர்லிக்கு அப்போது வந்த கோபம் கிராப்ட்ரீயின் மேல்கூட இல்லை. சந்தாவை வருடம் தவறாமல் வாங்கிக்கொண்டு, சண்டை வந்ததும் எதிராளி வீட்டு விருந்துக்குப் போய் உட்கார்ந்த தன் நிறுவனத்தின் மேல்தான். இரண்டு நிறுவனமும் ஆளுக்குப் பாதி என்று கை குலுக்கிக்கொண்டு அடுத்த கோப்பைப் பிரித்துவிடும். அவர்களுக்கு அது இன்னொரு சாதாரண நாள். அவளுக்கு அது ஐம்பத்து நான்கு வயதில் வேலை போவது. பிள்ளையைக் கிள்ளிவிட்டவன் தொட்டிலையாவது ஆட்டுவான். இவர்கள் தொட்டிலையே பாதியாக அறுக்கப் பார்த்தார்கள்.

நிறுவனம் வேண்டுமானால் சமரசம் செய்துகொள்ளட்டும், நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிப் போட்டாள். தன் பெயரிலேயே, வக்கீல் இல்லாமல், கிராப்ட்ரீ மேல் வழக்குப் போட்டாள். சட்டத்தைத் தேடிப் படித்தாள். மன்னிப்புக் கேட்டது மட்டுமே தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடாது என்று அந்த நாட்டில் தனியாகச் சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை நன்றாக அறிந்த யாரோதான் அதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் அது தாழ்ப்பாளை விலக்குமே தவிர, கதவைத் திறந்துவிடாது. கிராப்ட்ரீயின் வாக்குமூலம் கையில் இருந்தது: வேனின் மூக்கருகே நிறுத்தினேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன், பைக் கண்மண் தெரியாமல் வந்தது.

"புளுகு," என்றாள் பெவர்லி. "அவன் கை மேல இருந்துச்சு."

"எந்தக் கை?" என்று கேட்டான் கீத்.

"இடிக்கறதுக்கு முன்னாடி பாத்தேன். கார் முன்சக்கரத்தையும் ஓட்டறவன் கையையும் பாருங்கன்னுதான தெனமும் கத்திட்டிருக்கேன்? எனக்கு அது தன்னால வரும். கை ஸ்டியரிங்ல இல்ல. இப்படி விரிச்சு மேல தூக்கியிருந்தான்."

அவள் நல்ல கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. வழிவிட்டவனுக்குக் கை தூக்கி நன்றி காட்டாமல் போனால், அவன் அன்று முழுக்க அதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பான். பெற்ற தாயை மறந்தாலும் அந்தக் கையைத் தூக்க மறக்க மாட்டார்கள். கீத்தும் டீக் கோப்பையோடு அப்படியே நின்றான்.

"வேன்காரனுக்கு நன்றி சொல்லிட்டிருந்தானா?"

"பின்ன? அவனப் பாத்துக்கிட்டேதான் என் மேல ஏத்தினான்."

அவர்கள் அனுப்பிய பதிவு, மோதல் சத்தத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் இருந்ததை வெட்டியிருந்தார்கள். முழுப் பதிவைக் கேட்டு எழுதினாள். தேவையான பகுதியை ஏற்கெனவே தந்துவிட்டோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அந்தப் பதிவு இப்போது எங்களிடம் இல்லை என்றார்கள். மூன்றாவது முறை நீதிமன்றத்துக்கே எழுதினாள். ஒரு மாதத்துக்குள் முழுதையும் கொடுங்கள் என்று நீதிபதி உத்தரவு போட்டார். மாதம் போனது. பதிவு வரவில்லை.

மே மாதத்தில் விசாரணை. பெரிய மண்டபம் ஒன்றுமில்லை. நீளமான மேசை, கூஜாவில் தண்ணீர், மேசையின் தலைப்பக்கம் நீதிபதி அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். கிராப்ட்ரீ புது டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் அவர் நிறுவனம் அனுப்பிய இளம் வக்கீல். கீத் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தான்.

"முழுப் பதிவு எங்க?" என்று முதல் கேள்வியே கேட்டார் நீதிபதி.

வக்கீல் பையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்தார். "இன்னைக்குக் காலைலதாங்க என் கைக்கு வந்துச்சு. அலுவலகத்துல சின்ன கவனக்குறைவு. சாரி."

"ஒரு மாசக் கவனக்குறைவா? இங்க குடுங்க. முதல்ல உங்க ஆளு சொல்லட்டும்."

கிராப்ட்ரீ சொன்னார். நிறுத்தினேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், அங்குலம் அங்குலமாக. எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். வக்கீல் எழுந்து, வாதி சம்பவ இடத்திலேயே நான்கு முறை மன்னிப்புக் கேட்டதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். நீதிபதி அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்களும் இப்பத்தான் ஒண்ணு கேட்டீங்க," என்றார். "உக்காருங்க."

திரையில் பதிவு ஓடியது. ஈரமான சந்து, ரேடியோவில் மழை வரும் என்ற செய்தி. வேனின் விளக்குகள் இரண்டு தரம் சிமிட்டின. கார் அந்தக் கணமே கிளம்பியது. எங்கும் நிற்கவில்லை, அங்குலமும் இல்லை, அடியும் இல்லை. கார்க் கண்ணாடியின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஓர் உள்ளங்கை தெரிந்தது. கிராப்ட்ரீயின் குரல் மலர்ச்சியாகக் கேட்டது.

"தேங்க்ஸ் தலைவா! உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா..."

டமார்.

அதற்குப் பிறகு பெவர்லியின் குரல். சாரிங்க. சாரி. சாரி, உங்க கோட்டு. சாரி. அந்த அறையில் அதைக் கேட்க அவளுக்கே அவமானமாக இருந்தது, அவமானத்தோடு ஆத்திரமும் வந்தது. இடித்தவன் சத்தமே இல்லை. பின்னால் கீத், "தவள," என்று முணுமுணுத்தான். இந்த முறை கிராப்ட்ரீயைத்தான் சொன்னான் என்பதில் சந்தேகம் இல்லை.

"ஏதாவது கேக்கணுமா, மிஸஸ் ஹெப்வொர்த்?" என்றார் நீதிபதி.

பெவர்லி எழுதி வைத்திருந்த பன்னிரண்டு கேள்விகளையும் மூடி வைத்தாள்.

"மிஸ்டர் கிராப்ட்ரீ, 'தேங்க்ஸ் தலைவா'ன்னு சொன்னீங்களே, அப்ப யாரப் பாத்துட்டிருந்தீங்க?"

அவர் டையைத் தொட்டார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதத்தைப் பார்த்தார்.

"வேன்காரர," என்றார் கிராப்ட்ரீ.

"என்னைய எப்ப பாத்தீங்க, இடிக்கறதுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்னதான்," என்றவர், தலை குனிந்தபடி, "உங்கள நான் பாக்கவே இல்லம்மா," என்றார்.

நீதிபதி கால் மணி நேரத்தில் முடித்தார். மோதிய இடத்திலேயே பைக் விழுந்திருக்கிறது, வேகமாக வந்ததற்கு அடையாளமே இல்லை. மன்னிப்புக் கேட்டது மரியாதை, அதில் வேறெதுவும் இல்லை. பொறுப்பு முழுவதும் காரோட்டியுடையது. பாதி இல்லை, கால் இல்லை, முழுவதும். பெவர்லி அறையை விட்டு வந்ததும் நல்ல கையாலேயே மால்கமுக்கு ஒற்றை வரி அனுப்பினாள். 'சனிக்கிழமைக் காலை வகுப்பு என்னுடையது.' ஆமாம் என்று உடனே பதில் வந்தது. அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

வாசல் கதவு கனமான கதவு. அதை ஒருவர் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கிராப்ட்ரீ. வக்கீல் முன்னமே போய்விட்டிருந்தார், அட்டையைப் பற்றி நினைவூட்ட ஆள் இல்லை.

"மிஸஸ் ஹெப்வொர்த், கை எப்படி இருக்கு? நான்... சாரி. உண்மையாத்தான் சொல்றேன்."

பரவாயில்லைங்க என்ற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வருடப் பழக்கம். அதை விழுங்கினாள்.

"அக்டோபர்லயே சொல்லியிருக்கணும்," என்றாள்.

சொல்லிவிட்டு, கதவைப் பிடித்திருந்தவருக்கு நன்றி என்ற ஒரு வார்த்தையும் சொல்லாமல், தலையைக்கூட அசைக்காமல், அவரைத் தாண்டி வெளியே நடந்தாள். அந்த ஊரில் ஒருவர் முகத்தில் அறைவதற்கு அதைவிடப் பெரிய வழி கிடையாது. கிராப்ட்ரீயின் முகம் காது வரை சிவந்தது.

படியில் இறங்கியபோது பின்னால் கீத்தின் குரல் கேட்டது. "தேங்க்ஸ்ங்க."

பெவர்லி அப்படியே திரும்பினாள். "அந்த ஆளுக்குப் போயி எதுக்கு தேங்க்ஸ் சொன்ன?"

கீத் திருதிருவென்று விழித்தான்.

"சாரி," என்றான்.