தட்டோடு போன சீர்

எங்கள் நூம்பல் பள்ளிக்கூடத்து மியூசியத்தில் இருந்ததெல்லாம் ஒரு பாம்புச் சட்டையும் இரண்டு சங்கும்தான். எட்மண்ட் வாத்தியார் அசரவில்லை. போர்க்கப்பல்கள் தாங்கள் போகிற ஊர் மியூசியத்துக்கு நினைவுப் பரிசு தருவது வழக்கம் என்று கேள்விப்பட்டு, சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலுக்கெல்லாம் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். உடன் வேலை பார்த்த நாங்கள் சிரித்தோம்.

ஒருநாள் நிஜமாகவே ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் துரை மோட்டாரில் வந்து இறங்கி, கப்பல் பெயர் பொறித்த மரக்கேடயம் ஒன்றைக் கொடுத்தார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்துக் கொல்லையில் மல்லி பறித்துக்கொண்டிருந்த எல்லம்மாதான், "வந்த மனுசன வெறுங்கையோட அனுப்புவியா வாத்தியாரே?" என்று அதட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். தன் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், மல்லிச்சரம் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தரவேண்டும் என்பது துரைக்கு எப்படித் தெரியும்? தட்டோடு வாங்கிக்கொண்டு, ஒரு சல்யூட் அடித்துவிட்டு வண்டியேறினார். கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று நாங்களும் வாய் திறக்கவில்லை.

"இன்னா வாத்தியாரே, தட்டோட வாரிக்கினு பூட்டான்! என் பேரு வெட்டி எங்கம்மா குடுத்ததுய்யா. தாட்சாயிணி கல்யாணத்துக்கு எத்த வெப்பேன்?"

மகளுக்குச் சீராக அதைத்தான் தருவதாக இருந்தாள். அவள் அழுததைப் பார்த்து எட்மண்ட் மறுநாளே துறைமுகத்துக்கு ஓடினார். கப்பல் போய்விட்டிருந்தது.

அடுத்த தையில் அதே கப்பல் திரும்பி வந்தது. எட்மண்டும் நானும் எல்லம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். கப்பல் ஏணியில் கால் வைக்கும்வரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். துரையின் அறைச் சுவரில், பல துறைமுகங்கள் கொடுத்த பரிசுகளுக்கு நடுவே அவள் தாம்பாளம் பளபளத்தது. விஷயம் கேட்டதும் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, தானே கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அதுலல்லாம் இன்னா எழுதிக் கீது?"

எட்மண்ட் படித்துச் சொன்னார். ஏடன், மால்டா, சிங்கப்பூர். எல்லாம் ஊர்ப் பெயர்கள்தான். பிறகு துரை சொன்னதையும் தமிழில் சொன்னார்: "உங்க தட்டுல இருக்கறது யாரு பேருன்னு வர்றவங்கல்லாம் கேக்கறாங்களாம். இவருக்குச் சொல்லத் தெரியலையாம்."

"என் பேரயா? சிங்கப்பூர்லயா கேட்டாங்க?"

விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கொடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே தட்டைத் துரையிடம் நீட்டினாள்.

"இங்கியே இருக்கட்டும். எல்லம்மான்னு சொல்லிக்குடு அவருக்கு. தாட்சாயிணிக்கு அவ பேரு வெட்டிப் புதுசா வாங்கிக்கலாம்."

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"வாத்தியாரே, புளி போட்டுத் தேய்க்கச் சொல்லு. மண்ணு போட்டுத் தேச்சா பேரு அழிஞ்சுபூடும்."