பன்னெண்டு அண்டா

என் தம்பி பாலாஜிக்குப் பத்து வயசு ஆனதும் எங்கப்பா அவனைக் கொண்டுபோய்க் கடையில உட்கார வெச்சுட்டார். தேரடித் தெரு பக்கத்துச் சந்துல வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, பௌர்ணமி அன்னதானம் எதுன்னாலும் அண்டாவும் குண்டானும் எங்க கடையிலேர்ந்துதான் போகும். "தொழிலைச் சின்னதுலேர்ந்து பக்கத்துல இருந்து பாக்கணும், அப்பத்தான் கைக்கு வரும்"னு அப்பா சொல்வார். அவன் எங்க பாத்தான்? காமிக்ஸ் புக்கை விரிச்சு வெச்சுக்கிட்டு, வர்றவங்க வாங்கிக் குடுக்கற கலரைக் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.

எனக்கு அப்போ பதினேழு. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் குடுத்துட்டு உடனே கெளம்பணும். வயசுப் பொண்ணு கடையில நிக்கக் கூடாதாம். அந்த அஞ்சு நிமிஷத்துல நானா கத்துக்கிட்டது ஒண்ணு உண்டு. திரும்பி வர்ற பாத்திரத்தை விரலை மடக்கி ஒரு தட்டு தட்டினா, நல்ல பித்தளை கணீர்னு சொல்லும். கீறல் விட்டது தொண்டை கட்டினவன் மாதிரி கம்மும். கவனிக்காம அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டா, சாம்பார் பூரா அடுப்புலதான்.

ஒருநாள் ஒரு குண்டானைத் தட்டிட்டு, "இது கீறல்பா"ன்னேன். அப்பா தட்டிப் பாத்தார். "ம்"னார். அவ்ளோதான் எனக்கு. அப்புறம் பாலாஜியைப் பக்கத்துல இழுத்து, "கேளுடா ராஜா, கீறல்னா சத்தம் இப்படித்தான் வரும்"னு பொறுமையா மூணு தடவை தட்டிக் காட்டினார். கண்டுபிடிச்சவ நான், பாடம் அவனுக்கு. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. பொய் எதுக்குச் சொல்லணும், இவனுக்கு அம்மை போட்டு ஒரு மாசம் படுத்துக் கெடக்க மாட்டானான்னு கூட நெனச்சேன்.

தொண்ணூத்தி மூணுல கார்த்திகை தீபத்துக்கு முன்னால அப்பா கடைக்குன்னு பன்னெண்டு புது பித்தளை அண்டா எடுத்தார். பேர் வெட்டுற முருகையன் உளியும் சுத்தியுமா வீட்டு வாசல்ல வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்குச் செங்கத்துக்குப் போற அவசரம். "பாப்பா, உன் எழுத்து குண்டு குண்டா இருக்கும். 'ஆ. பாலாஜி'ன்னு ஒரு சீட்டுல எழுதி அவர்கிட்ட குடு. இனிமே வாங்கறதெல்லாம் அவன் பேர்லதான்"னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எழுதினேன். 'ஆ. மணிமொழி'ன்னு எழுதினேன். முருகையன் சீட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், ஒரு மாதிரி சிரிச்சார். எதுக்குச் சிரிக்கறார்னு எனக்கு அப்போ வெளங்கலை. சாயந்தரத்துக்குள்ள பன்னெண்டுலயும் என் பேர் ஏறிடுச்சு. ஒவ்வொண்ணா தடவித் தடவிப் பாத்தேன். பாத்திரத்துல யார் பேரோ அவங்களதுதானே கடைன்னு எனக்கு நெனப்பு.

அப்பா திரும்பி வந்து பாத்தார். அடி விழும்னு செவுத்தோரம் நின்னேன். அவர் திட்டக்கூட இல்லை. உள்ளே பாத்து அம்மாவைக் கூப்பிட்டார். "ரேணுகா, உம் பொண்ணு அவசரத்தைப் பாரு. சீர்ப் பாத்திரத்துல அவளே பேர் வெட்டிக்கிட்டா."

அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு அப்பத்தான் சுரீர்னுச்சு. பொண்ணு பேர் வெட்டின பாத்திரம்னா அது புகுந்த வீட்டுக்குப் போற பாத்திரம். வெட்டினதை அழிக்கவும் முடியாது. வாடகைக்கு விட்டா, பொண்ணு சீரை வாடகைக்கு விடறான்னு ஊர் சிரிக்கும். தை பொறந்ததும் அடி அண்ணாமலை கிராமத்துல பயிர் வைக்கற மாறனுக்கு என்னைக் கட்டிக் குடுத்துட்டாங்க. அண்டாவெல்லாம் என் பின்னாலயே டிராக்டர்ல வந்துச்சு. "நாலு பேர் சாப்பிடற வீட்டுக்கு எதுக்கு இத்தினி?"ன்னு மாமியார் கேட்டாங்க. என்னை நானே பேர் வெட்டி அனுப்பிக்கிட்டேன்.

பத்து வருஷம் அதுங்க பரண்லயே கெடந்துச்சு. டவுனுக்குப் போறப்பல்லாம் 'பாலாஜி பாத்திர நிலையம்'னு புது போர்டைப் பாப்பேன். பாக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே பாப்பேன்.

ரெண்டாயிரத்தி மூணு சித்ரா பௌர்ணமிக்கு எக்கச்சக்கக் கூட்டம். கடைப் பாத்திரம் பத்தலைன்னு பாலாஜி வந்து, "உன் அண்டாவைக் கொஞ்சம் குடுக்கா"ன்னு தலையைச் சொறிஞ்சான். குடுத்தேன். மூணாம் நாள் அப்பாவும் அவனும் வேன்ல கொண்டுவந்து வாசல்ல எறக்கினாங்க.

என் பொண்ணு தென்றலுக்கு ஏழு வயசு. பரண்ல ஏறி அந்த அண்டாங்களைத் தட்டித் தட்டியே வளந்தவ. வரிசையா தட்டிக்கிட்டே போனவ ஒம்போதாவதுல நின்னா. "தாத்தா, இது கம்முது."

பாலாஜி தட்டிப் பாத்தான். "எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது"ன்னான். பன்னெண்டு வருஷமா கடையில உட்கார்ந்தவன்.

அப்பா குனிஞ்சு காதை வெச்சுத் தட்டினார். அவர் மொகம் அப்படி மலர்ந்து நான் பாத்ததே இல்லை. தென்றலைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டார். "டேய் பாலாஜி, லீவுக்கு இவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். பொண்ணா இருந்தா என்னடா இப்போ? காலம் மாறிப்போச்சு. நாளைக்கு இவதான் கடையை நடத்தப் போறா, பாரு."

நான் சந்தோஷப்பட்டிருக்கணும். பெத்தவ வேற என்ன செய்வா? ஆனா என் வயித்துல அதே எரிச்சல், பழைய எடத்துலயே. நான் பெத்த பொண்ணு மேலயே பொறாமை. அவ உட்கார்ந்திருந்த அந்த இடுப்பு என்னோடதுன்னு தோணுச்சு.

"அவ வேணாம்பா, நான் வரேன்"னேன். பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா வாயைத் திறந்து கேட்டேன்.

அப்பா நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுச் சிரிச்சார். "உனக்கு எதுக்கு பாப்பா? உனக்குத்தான் பன்னெண்டு அண்டா குடுத்தாச்சே."

தென்றல் அவர் இடுப்புலேர்ந்தே என்னைப் பாத்தா. "நான் போகட்டுமாம்மா?"

போன்னு ஒரு வார்த்தை. அந்த ஒம்போதாவது அண்டாவை நானும் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் அதைச் சொன்னேன்.