கொன்ஸ்ரன்ஸ், பிறந்த இடம்: பெரு

கொன்ஸ்ரன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அவளுடைய எடை பதினான்கு இறாத்தல். இந்த வரியை வாசித்த என் மனைவி நேசமலர் ஓரத்தில் பென்சிலால் "ஏழு" என்று எழுதியிருக்கிறாள். ஏழு என்றே வைத்துக்கொள்வோம். ஏழு இறாத்தலில் ஒரு கினிப் பன்றியை நீங்கள் கண்டதுண்டா? பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக் கினிப் பன்றி இரண்டு கைக்குள் அடங்கிவிடும். கொன்ஸ்ரன்ஸை மடியில் வைத்தால் மடி போதாது, பக்கத்துக் கதிரையையும் இழுத்துப் போடவேண்டும். அவளும் அவள் கணவன் வின்சன்றும் பெரு நாட்டுச் சாதி. அங்கே கறிக்காகவே இந்தச் சாதியைப் பெருப்பித்து வளர்க்கிறார்களாம். முன்காலில் ஆறு விரல். இதை மட்டும் நேசமலர் திருத்தவில்லை. அவளே எண்ணிப் பார்த்தவள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சிநேகிதன் ஸ்ரனிஸ்லாஸ். கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் சாமான் எண்ணுகிற கிளாக். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பெருவிலிருந்து வந்த ஒரு கப்பலில் மூட்டைகளை எண்ணப் போனவன், சமையற்காரனின் கூட்டில் கிடந்த கினிப் பன்றிகளையும் பழக்கதோஷத்தில் எண்ணினான். காலையில் எட்டு. மத்தியானச் சாப்பாடு முடிய இரண்டு. இரண்டு போத்தல் சாராயத்தைக் கொடுத்து மிச்சம் இரண்டையும் மீட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆணுக்கு வின்சன்ற், பெண்ணுக்குக் கொன்ஸ்ரன்ஸ் என்று பெயரும் வைத்தான்.

அவன் வீட்டில் அவை மூன்று கிழமைதான் தாக்குப்பிடித்தன. குருத்தோலை ஞாயிறன்று அவன் மனைவி மரியகொறற்றி கோயிலில் மந்திரித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்த ஓலைச் சிலுவையைக் கொன்ஸ்ரன்ஸ் அடியோடு தின்றுவிட்டாள். மரியகொறற்றியின் தம்பி நோபேட் அன்றைக்கே சட்டியைக் கழுவி, கறுவாப்பட்டையும் எடுத்து வைத்துவிட்டான்.

"மச்சான் யோகநாதன், நீதான் காப்பாத்தணும்" என்று மீன்கூடையோடு வந்து நின்றான் ஸ்ரனிஸ்லாஸ். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பதினேழு சோதனைச்சாவடி. (நேசமலர்: ஐந்து.) ஒவ்வொன்றிலும் கூடையைத் திறந்து காட்டினானாம். "ஒரு ஆமிக்காரன் சலூட் அடிச்சான் மச்சான்!" இந்தப் புளுகு என்னுடையதல்ல, அவனுடையது.

எங்கள் அடுக்குமாடிப் பிளாற்றில் பிராணி வளர்க்கக்கூடாது. படிக்கட்டடியில் கண்ணாடிச் சட்டம் போட்டு விதிகள் தொங்கின. ஏழாம் விதி: நாய், பூனை, ஆடு, கோழி முதலிய எந்தப் பிராணியும் ஆகாது. எழுதியவர் பிளாற் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பிறின்சிப்பல், ஓய்வுபெற்றவர், இப்போதும் அவர் படியேறினால் எல்லா வீட்டிலும் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆகவே இரண்டையும் பின்பக்கக் குளியலறையில் ஒளித்து வைத்தோம். பழைய பத்திரிகைகளைத் தரையில் விரித்தோம். தணிக்கைக்காரர் வெட்டியதுபோக மிஞ்சிய யுத்தச் செய்தியைக் கொன்ஸ்ரன்ஸ் தின்றுவிடுவாள். முதற்கிழமை நேசமலர் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாம் கிழமை கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். ஒரு மாதம் போக, நாற்பது வருடத்தில் எனக்கு ஒருநாளும் வெட்டித் தராத கொய்யாப்பழத்தை விதை எடுத்து, கீலம் கீலமாக வெட்டி, குந்தியிருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சிக்கல் தீனியில் வந்தது. வெள்ளவத்தையில் புல்லுக்கு எங்கே போவது? மார்க்கெற்றில் கீரை விற்கும் குப்பாயியிடம் தினமும் பன்னிரண்டு பிடி வல்லாரை வாங்கினேன். சொப்பிங் பையோடு நான் வீட்டுக்குள் நுழைந்தால் போதும், பை சரசரக்கும் சத்தத்துக்கு இரண்டும் சேர்ந்து விசிலடிக்கும். எப்படிப்பட்ட விசில்! கல்கிசை ஸ்ரேசனில் நின்ற ரயில் வெளிக்கிட்டுவிடும்.

ஒருநாள் பின்னேரம் பிறின்சிப்பல் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"யோகநாதன், நாள் தவறாமல் பன்னிரண்டு பிடி வல்லாரை வாங்கிறியளாம். ரெண்டு பேருக்கு?"

"நேசமலருக்கு ஞாபகமறதி, பிறின்சிப்பல்."

"பன்னிரண்டு பிடிக்கோ?"

"முத்தின மறதி. எங்கட கலியாணத்தையே மறந்திட்டா."

"மறக்கத்தான் பாக்கிறன், ஏலாமல் கிடக்கு" என்றாள் நேசமலர் குசினிக்குள்ளிருந்து. சொல்லிக்கொண்டே அவள் பையைத் தூக்கினாள். பை சரசரத்தது. குளியலறையிலிருந்து இரண்டு விசில்.

பிறின்சிப்பல் எழும்பிவிட்டார். "ஆர் உள்ளுக்கை?"

"குழாய். காத்து வருகுது."

"குழாயோ? தண்ணி வராத குழாய் விசிலடிக்குதோ? என்னைப் பேயனெண்டு நினைச்சியளே? ஊரிலையிருந்து ஆரோ ரெண்டு பெடியளைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள். பதியாமல்!"

அவர் பயந்ததில் பிழையில்லை. கொழும்பில் தமிழர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குப் படிவம் கொடுக்கவேண்டிய காலம் அது. பெயர், வயது, பிறந்த இடம், கொழும்புக்கு வந்த காரணம், எல்லாம் எழுதி, பிளாற் தலைவர் கையெழுத்து வைக்கவேண்டும். பக்கத்து ஒழுங்கையில் பதியாத ஒருவர் இருந்ததற்காக வீட்டிலிருந்த ஒன்பது பேரையும் பொலிஸ் ஸ்ரேசனுக்கு ஏற்றிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இதில் நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை படிவம் குடுக்கோணும்" என்றார் பிறின்சிப்பல். "அந்த ரெண்டு பேற்றை பேரும் இருந்தால்தான் நான் கையெழுத்து வைப்பன். இல்லாட்டி உங்கட பாடு."

அவர் போனதும் நேசமலர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"உண்மையைச் சொன்னா ஏழாம் விதி. கொன்ஸ்ரன்ஸ் நோபேட்டின்ரை சட்டிக்குப் போவாள். சொல்லாட்டி நாங்கள் ஸ்ரேசனுக்குப் போவம். என்ன செய்யப்போறியள்?"

"நீ என்ன சொல்லுறாய்?"

"சட்டிக்கு விடமாட்டன்" என்றாள். ஸ்ரேசனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்வூதியத் திணைக்களத்தில் முப்பத்தேழு வருடம் படிவம் நிரப்பியவன் நான். படிவத்தில் பொய் எழுதினால்தான் மாட்டுவோம்; முழு உண்மையும் எழுதினால் ஒருவரும் வாசிப்பதில்லை. வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்து நல்ல சிங்களத்தில் எழுதினேன். எங்கள் இருவருக்கும் கீழே: கொன்ஸ்ரன்ஸ், பெண், வயது ஒன்று, பிறந்த இடம் பெரு. வின்சன்ற், ஆண், அதே வயது, அதே இடம். வீட்டுத் தலைவருக்கு உறவுமுறை: விருந்தினர். கொழும்புக்கு வந்த காரணம்: உயிர் பிழைக்க. பதினாறு வயதாகாததால் அடையாள அட்டை தேவையில்லை. கடைசியில் இருந்த 'வேறு குறிப்பு' என்ற நிரலில், கினிப் பன்றி என்று துலக்கமாக எழுதினேன்.

பிறின்சிப்பலுக்குச் சிங்களத்தில் இலக்கம் மட்டும்தான் விளங்கும். நிரல்களை விரலால் எண்ணினார்.

"நாலு பேர். ஒளிக்காமல் எழுதியிருக்கிறியள். சின்னப் பிள்ளையளோ?"

"ஒரு வயது."

"பாவங்கள்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொலிஸ் வந்தது. சார்ஜன்ற், இரண்டு பொலிஸ்காரர், முன்னால் வழிகாட்டிக்கொண்டு பிறின்சிப்பல். சார்ஜன்ற் படிவக் கட்டை விரித்து, பெயரைக் கூப்பிட்டு ஆளைப் பார்த்துக்கொண்டு வந்தார். தமிழ் கொஞ்சம் தெரியும்.

"யோகநாதன். சரி. நேசமலர். சரி. கொன்ஸ்ரன்ஸ் கோ, எங்க?"

"குளிக்கிற அறையிலை, சேர்."

"வெளிய வரச்சொல்லு."

"அவ வரமாட்டா. நீங்கள்தான் போய்ப் பாக்கோணும்."

"யோகநாதன்!" என்று பிறின்சிப்பல் சத்தம் போட்டார். "என்ன கதை இது! ஒரு வயதுப் பிள்ளையைத் தனியக் குளிக்கிற அறையிலை விட்டிட்டோ!"

சார்ஜன்ற் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பொலிஸ்காரர் தோளில் கிடந்த துவக்கைச் சரிசெய்தார். நேசமலர்தான் முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். கையில் பை. சரசர.

விசில் எழும்பியது. சார்ஜன்ற் இரண்டு அடி பின்னால் பாய்ந்து பிறின்சிப்பலின் காலில் ஏறினார். பத்திரிகைக் குவியலுக்கு நடுவே கொன்ஸ்ரன்ஸ், அரியாசனத்தில் இருப்பதுபோல.

"அப்போ! மே மொகத்த? ஹாவெக்த?" இது என்ன, முயலா என்று கேட்டார்.

"படிவத்திலை கடைசி நிரலைப் பாருங்கோ, சேர்."

பார்த்தார். "கினி ஊரா" என்று மெல்ல வாசித்தார். மேலே போய் "உயிர் பிழைக்க" என்பதையும் வாசித்தார். மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. திடீரென்று முகத்தை இறுக்கி, குந்தியிருந்து விரலால் எண்ணத் தொடங்கினார்.

"எக்காய், தெக்காய்..." விரல் நிற்கவில்லை. "துனாய், ஹத்தராய், பஹாய்!"

ஐந்தா? நானும் குனிந்தேன். கொன்ஸ்ரன்ஸின் வயிற்றடியிலிருந்து மூன்று குட்டிகள், உடம்பு முழுக்க மயிரும் திறந்த கண்ணுமாக, பொலிஸ் சப்பாத்தை மணந்து பார்க்க ஓடிவந்தன. அவள் சுமந்திருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. மலை கொஞ்சம் உயர்ந்தால் யாருக்குத் தெரியும்?

"படிவத்தில ரெண்டு" என்றார் சார்ஜன்ற். "இங்க அஞ்சு. மூணு பேர் பதியல்ல! பெரிய குற்றம்!" அதற்குமேல் அவரால் முடியவில்லை. சுவரில் கைவைத்துச் சிரித்தார். துவக்கோடு நின்ற பொலிஸ்காரர் துவக்கை நேசமலரிடம் கொடுத்துவிட்டு ஒரு குட்டியைத் தூக்கினார். (நேசமலர்: கொடுக்கவில்லை. தோளில்தான் போட்டிருந்தார்.)

பிறின்சிப்பலுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "சேர், எங்கட ஏழாம் விதிப்படி பிராணிகள் இஞ்சை இருக்கக்கூடாது. நாளைக்கே அனுப்பிறன்."

நேசமலர் கதவு நிலையை இறுகப் பிடித்தாள்.

சார்ஜன்ற் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தைத் தட்டினார். "நீங்கதானே கையெழுத்து வச்சது? இப்ப இவங்க பொலிஸ்ல பதிஞ்ச ஆள். அனுப்புறதெண்டா நீங்க ஸ்ரேசனுக்கு வந்து, எங்க அனுப்புறது, ஏன் அனுப்புறது, எல்லாம் புத்தகத்தில எழுதணும்."

ஸ்ரேசன் என்ற சொல்லைக் கேட்டதும் பிறின்சிப்பல் ஏழாம் விதியை மட்டுமல்ல, மற்ற ஆறையும் மறந்துவிட்டார். "இருக்கட்டும் சேர். இருந்திட்டுப் போகட்டும்."

அன்று பின்னேரமே புதுப் படிவத்தைக் கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஒவ்வொரு நிரலையும் மொழிபெயர்க்கச் சொன்னார். மூன்று குட்டிகளின் பெயரையும் கேட்டார், ஆணா பெண்ணா என்று கேட்டார்.

"பிறந்த இடம்?"

"வெள்ளவத்தை."

"கொழும்புக்கு வந்த காரணம்?"

"இஞ்சைதானே பிறந்தவை. காரணம் ஒண்டும் தேவையில்லை."

பிறின்சிப்பல் பேனை முனையால் அந்த வெறும் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"என்ரை படிவத்திலை அந்தக் கட்டத்துக்கு இடம் காணாமல் பின்பக்கமும் எழுதினனான்" என்றார். "குடுத்துவைச்சதுகள்." பிறகு, மூன்று பெயர்களுக்கும் நேராக, தனித்தனியாக மூன்று கையெழுத்து வைத்தார். ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை.