மூன்றாவது படுக்கையறை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் செல்லங்களா, என் குரல் இப்போதெல்லாம் தூரம் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு படுக்கையறை வீடொன்றில் மூன்றாவது படுக்கையறை முளைத்தது. கூடத்தின் மேற்குச் சுவரில், முந்தின நாள் வரை நாட்காட்டி தொங்கிய இடத்தில் ஒரு கதவு. திறந்தால் பதினொன்றுக்குப் பத்தடி அறை. வெள்ளைச் சுவர், ஜன்னல் இல்லை. அந்தச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் குளியலறை. அதில் ஓர் அங்குலமும் குறையவில்லை.

அறையை உண்டாக்கியவர் வீட்டம்மாவின் அண்ணன். வங்கி கடன் கொடுக்குமுன் வீட்டைப் பார்த்து மதிப்பு எழுதித் தருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் படிக்கட்டின் விளிம்பைக்கூட விடாமல் அளந்தவர் என்பதால் வங்கியில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். தங்கையின் கணவர் அச்சகம் வைத்திருந்தார். அங்கே பழைய இயந்திரம் நாளுக்கு மூன்று முறை மூச்சை நிறுத்தியது. புதியது வாங்க வீட்டின் பேரில் கடன் கேட்டிருந்தார். இரண்டு அறை வீட்டுக்கு அத்தனை கிடைக்காது. "ஒரு ரூம்தானே அண்ணா, எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் தங்கை. சொந்தக்காரர் வீட்டைத் தான் மதிப்பிடாமல் வேறொருவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் விதி. அவர் தள்ளவில்லை. தெரிந்த வீடுதானே என்று டேப்பையும் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே அறிக்கையில் மூன்று படுக்கையறை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வெளியூரில் ஒரு கிடங்கை அளக்கப் போய்விட்டார்.

அச்சகக்காரர் புது அறைக் கதவை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார். பிறகு, வந்த இடத்தை விடுவானேன் என்று காகிதக் கட்டுகளை அடுக்க உள்ளே போனார். திரும்பி வர முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார், வாசல் அதே தூரத்தில் இருந்தது. மனைவி நீட்டிய சாப்பாட்டுத் தட்டு உள்ளே போனது, காலித் தட்டு வெளியே வரவில்லை. அண்ணன் பதறியடித்து வந்து சேர்வதற்குள் உள்ளே ஆறு தட்டு சேர்ந்துவிட்டது.

அறிக்கையை ரத்து செய்தால் அறை போய்விடும். ஆனால் அறையோடு மாப்பிள்ளையும் போய்விட்டால்? "அவர் கூடத்துல உக்காந்திருக்கார்னு எழுது அண்ணா, வந்துடுவார்" என்று அழுதாள் தங்கை.

"கண்ணால பாக்காததை எழுதித்தாம்மா இந்தக் கதிக்கு வந்திருக்கோம்."

"மச்சான், சண்டையெல்லாம் அப்புறம் வெச்சுக்குங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "நான் குளிச்சு ரெண்டு நாளாச்சு."

அண்ணன் திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். டேப்பைப் பிரித்து, பூஜ்ய முனையை உள்ளே வீசி, பின்சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை பதினோரு அடி நடந்துபோய்ச் சுவரில் வைத்து அழுத்தினார். வாசற்காலில் டேப்பு காட்டிய அளவு பூஜ்யம். மூன்று தடவை பார்த்தார், பூஜ்யம்தான். அதை எழுதினால் தங்கையின் கடனும் போகும், தன் உரிமமும் போகும் என்பது தெரியும். எழுதினார்: நீளம் பூஜ்யம், அப்படி ஓர் அறை இல்லை, சொத்துக்காரர் என் தங்கை கணவர், முதல் அறிக்கை பொய். கையெழுத்தின் மை காயுமுன் பின்சுவரும் வாசலும் ஒரே இடம் ஆயின. டேப்பு முனையைப் பிடித்தபடி மாப்பிள்ளை கூடத்தில் நின்றார். காலடியில் ஆறு தட்டும் கலகலவென்று விழுந்தன. தங்கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், நாறுகிறீர்கள் என்று திட்டினாள்.

வங்கி மேலாளர் புது அறிக்கையை நிதானமாகப் படித்தார். "போன வருஷம் ஒரு கிணறு இப்படித்தான் வந்துச்சு. நல்லவேளை, யாரும் இறங்கலை" என்றார். அங்குலத்தின் உரிமம் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. வேறொருவர் வந்து இரண்டு அறை வீட்டை இரண்டு அறை வீடாகவே மதிப்பிட்டார். கிடைத்த கடனுக்கு யாரோ ஓட்டிய இயந்திரம் ஒன்றுதான் வாங்க முடிந்தது; அது மூச்சை நிறுத்தாமல் ஓடியது. அந்த ஒரு வருடமும் அங்குலம் அச்சகத்தில் பிழை திருத்தினார். பல காலத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டதாக அவர் சொன்னதை நானே கேட்டேன்.

போய் வாருங்கள் செல்லங்களா. உங்கள் வீட்டில் எத்தனை அறை உண்டோ அத்தனையிலும் வெயில் விழட்டும். உள்ளே போனவர்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்குச் சிரித்துக்கொண்டே வெளியே வரட்டும்.