ஜன்னல் பக்கத்து ஒன்று

கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். சீனி முகம்மதுவும் அப்படித்தான் போனான். மனைவி நஃபீசா மௌத்தாகி அடக்கமான பிறகு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. போகச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. மாடி அறையிலேயே இருந்துகொண்டான். வேளைக்கு வேளை மாமி ரம்ஜான் பீவி படியில் தட்டை வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று செருமுவாள். மருமகன் முன்னால் அவள் வருவதில்லை. அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி அதே படியில் வைப்பான். பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மதுரையில் பி.ஏ. படித்தவன். வெளியூரில் நல்ல உத்தியோகமே கிடைத்திருக்கும். நஃபீசா ஊரை விட்டு வரமாட்டாள் என்பதால் உள்ளூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் ஆனான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் ஏறாது. கையில் ஏதாவது வேண்டும். புளியங்கொட்டை, ஈர்க்குக் கட்டு, விரலால் எழுத மணல் பரப்பிய தாம்பாளம் என்று அவன் சேர்த்து வைத்திருந்தான். பிள்ளைகளுக்கு உயிர் என்னவோ எண் துணிதான். அக்கா முறையில் அவர்கள் லாத்தா என்று கூப்பிட்ட நஃபீசா தைத்துக் கொடுத்தது. நீளக் காடாத்துணியில் வரிசையாகப் பத்துப் பைகள். ஒவ்வொரு பையிலும் சிவப்பு நூலில் ஓர் எண். எண்ணைப் பார்த்து அத்தனை சோழியைப் பைக்குள் போட வேண்டும்.

ஆனால் வரிசை தலைகீழ். ஒன்று வலது ஓரத்தில் இருந்தது. பத்து இடது ஓரத்தில். நஃபீசாவுக்கு வாசிக்கத் தெரிந்ததெல்லாம் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அவளைப் பெற்ற உம்மா சொல்லிக்கொடுத்தது. அதில் எல்லாமே வலப்பக்கம்தான் தொடங்கும். சீனி முகம்மது எண்களைத் தனித்தனித் துண்டுத்தாளில் வரைந்து கொடுத்திருந்தான். எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே அவள் தொடங்கினாள்.

"என்ன புள்ள, தலையும் வாலும் மாறிக் கெடக்கு?"

"மச்சானுக்குத்தான் மாறிக் கெடக்கு. எனக்குச் சரியாத்தான் இருக்கு."

விளக்கிச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெருநாள் கழிந்ததும் பிரித்துத் தைப்பதாகப் பேச்சு. பெருநாளுக்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது.

பிறகு அவன் அதை அப்படியே வகுப்புச் சுவரில் மாட்டினான். ஒன்று ஜன்னல் பக்கம், பத்து வாசல் பக்கம். பிள்ளைகளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விடியக்காலை ஓதப்பள்ளியில் குர்ஆனை வலப்பக்கம் தொடங்கி ஓதிவிட்டு வருகிற பிள்ளைகள்.

தலைமையாசிரியர் முனியசாமி முதுகுளத்தூர்க்காரர். ஒருநாள் கையில் ஒரு சிலேட்டோடு வந்தார்.

"உங்க வகுப்பு உம்மு ஹபீபாவோடதுதான். பன்னெண்டு எழுதச் சொன்னேன். பாருங்க."

சிலேட்டில் 21 என்று இருந்தது.

"மாத்தி எழுதிட்டா சார்."

"ஒருத்தி எழுதினா அப்படிச் சொல்லலாம். பாதி வகுப்பு எழுதுதே! பன்னெண்டு முட்டை வாங்கிட்டு வான்னு அனுப்பினா இருபத்தொண்ணு கொண்டாந்து நிப்பாளுக. வீட்டுல முட்டைக்கடைதான் வைக்கணும்."

சிரித்தவர் சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"யார் தைச்சதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு. அவருக்காகச் சொல்லல. இதுலயே ஊறிட்டா, அடுத்த வகுப்புல பிள்ளைக அடிதான் வாங்கும். கழட்டுங்க, இல்ல சரி பண்ணுங்க."

பள்ளி விட்ட பிறகு சீனி முகம்மது துணியைத் திருப்பி மாட்டிப் பார்த்தான். முடிச்சுகள் தெரிந்தன, பைகள் சுவரைப் பார்த்தன. தலைகீழாகத் தொங்கவிட்டான். சோழிகள் கொட்டின, ஆறு ஒன்பதாயிற்று. பழையபடியே மாட்டினான். அதில் ஒரு தையலைத் தொட்டாலும் அவள் செய்த பொருள் என்று எதுவும் இருக்காது. அதுதான் அவனுக்கு முடியவில்லை.

மறுநாள் உம்மு ஹபீபாவைக் கூப்பிட்டான்.

"பன்னெண்டுல மொதல்ல எதம்மா எழுதணும்?"

"ஒண்ணு சார்."

"எங்கன எழுதணும்?"

யோசிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "அங்கன. லாத்தா துணியில அங்கனதானே இருக்கு?"

அவன் துணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"லாத்தா தப்பாத் தைச்சிட்டாங்களா சார்?"

"போய் உக்காரு" என்றான்.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் பள்ளி விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, மாடியில் துணியை விரித்து, சவர பிளேடால் பிரிக்கத் தொடங்கினான். நெருக்கமான தையல். லேசில் விடவில்லை. பைகள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் பிள்ளைகளின் கை அழுக்கு. கடைசிப் பையையும் எடுத்தபின்தான் தனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்பது உறைத்தது.

படியிறங்கிக் கதவருகில் நின்றான்.

"மாமி, ஒரு ஊசியும் நூலும் வேணும்."

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. "சட்டைப் பித்தான் போச்சா?"

"இல்ல. பள்ளிக்கூடத்துத் துணி."

"நஃபீசா தைச்சதா?"

"ஆமா. பிரிச்சிட்டேன்."

"அதையா பிரிச்சீங்க?"

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"எம் மக கையால செஞ்சது வெளியில நாலு பேரு பாக்குறாப்புல அது ஒண்ணுதானே மாப்ள இருந்துச்சு. அதைப் பிரிக்க உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?"

சொன்னான். பன்னிரண்டைச் சொன்னான், சிலேட்டைச் சொன்னான். "பிள்ளைக தப்பாப் படிக்குதுக மாமி."

உள்ளே காலடிச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டாள் என்று நினைத்தான்.

"வலப்பக்கம் தொடங்குன்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்தவ நான்தான்" என்றாள் உள்ளிருந்து. பிறகு கதவிடுக்கில் ஒரு கை நீண்டது. "கொண்டாங்க இங்கன. நீங்க தைச்சா சாக்கு தைச்ச மாதிரி இருக்கும்."

துணியைக் கொடுத்தான். பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தான்.

"இது ஒண்ணு. இடது ஓரம்."

"எந்த இடது? எனக்கா, உங்களுக்கா?"

கதவுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்றார்கள்; அவனுக்கு இடது அவளுக்கு வலது. "துணியை மடியில வச்சுக்கங்க. சோறு திங்காத கை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

"அதைச் சொல்லுங்க."

அவள் தைத்தாள். அவன் படியில் உட்கார்ந்து அடுத்த பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது இன்னும் பைகள் மிச்சமிருந்தன. தொழுதுவிட்டு இருவரும் திரும்பி அவரவர் இடத்துக்கு வந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் துணி பழைய ஆணியில் ஏறியது. வெள்ளை நூலில் பெரிய பெரிய தையல். நஃபீசாவின் எண்கள் மட்டும் சிவப்பாக இருந்தன. இன்ஸ்பெக்டர் வந்தார், டீ குடித்தார், சுவர்ப்பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார்.

பிள்ளைகள் முதலில் ஜன்னல் பக்கம் ஓடி, பத்தைப் பார்த்து மலைத்து நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒரே குழப்பம். மதியத்துக்குள் பழகிவிட்டது. ஒரு பிள்ளையும் பழைய வரிசை எங்கே என்று கேட்கவில்லை.

பிற்பகல் எண்ணிக்கைப் பாடம். குச்சியை எடுத்துக்கொண்டு துணியருகே போனான்.

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. ஒண்ணு..."

யாரும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தான். குச்சி ஜன்னல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அங்கன இல்ல சார்!" உம்மு ஹபீபா எழுந்துவிட்டாள். "இங்கன!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை அவன் நின்றான். பிறகு சுவரை ஒட்டி நடந்து வாசல் பக்கம் போய், ஒன்று என்றான்.